பள்ளியை விலைக்கு வாங்கிய குடியானவர்கள்: பிரான்சின் ஊரகக் குடும்ப இல்லங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

1935 நவம்பர் 21. தென்மேற்கு பிரான்சின் லோ-எ-காரோன் மாவட்டத்தில் செரிஞாக்-பெபுடூ என்ற சிற்றூர். அங்கிருந்த பங்குத்தந்தையின் வீட்டுக்கு நான்கு குடியானவப் பையன்கள் தங்கிப் படிக்க வந்தார்கள். மாதத்தில் ஒரு வாரம் பங்குத்தந்தை வீட்டில் படிப்பு, மீதி மூன்று வாரம் அவரவர் நிலத்தில் வேலை. ஏற்பாடு அவ்வளவுதான். கட்டடம் கிடையாது, அரசு அங்கீகாரம் கிடையாது, விவசாயம் படித்த ஆசிரியர்கூடக் கிடையாது.

அந்த நான்கு பேரில் தொடங்கியதுதான் பிரான்சில் இன்று 400க்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கும் ‘மெசோன் ஃபமிலியால் ரூரால்’, அதாவது ஊரகக் குடும்ப இல்லம் என்னும் பள்ளி இயக்கம். ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பல நாடுகளில் அது வேறு வேறு பெயர்களில் வேரூன்றியிருக்கிறது. கிராமத்து இளைஞர்களுக்குத் தலைமைப் பண்பு, குடிமைப் பங்கேற்பு, தொழில்முனைவு ஆகியவற்றைத் தனித்தனிப் பயிற்சிகளாக நடத்துவது இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. இந்த இல்லங்கள் தொடங்கியபோது அப்படிப் பெயரிட்ட பாடம் எதுவும் அங்கே இல்லை. ஆனால் மூன்றும் அங்கே வளர்ந்தன. எப்படி என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தைவிடவும் அந்தப் பள்ளிக்கு யார் சொந்தக்காரர் என்பதே அங்கே பெரிய வேலையைச் செய்தது.

ஊர் காலியான காலம்

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் பிரான்சின் நகர்ப்புற மக்கள்தொகை முதன்முறையாகக் கிராமப்புறத்தை மிஞ்சியது. முதல் உலகப் போரில் செத்தவர்களில் குடியானவர்கள் ஏராளம். லோ-எ-காரோன் பகுதியில் உழ ஆளில்லாமல் கிடந்த பண்ணைகளில் 1920களில் இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறின. மிச்சமிருந்த இளைஞர்களும் ரயிலேறிக்கொண்டிருந்தார்கள்.

இதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. கட்டாயக் கல்வி அப்போது 13 வயது வரைதான்; 1936இல்தான் அது 14 ஆனது. நன்றாகப் படிக்கும் பையனை ஆசிரியர் நகரத்துக்கு அனுப்பச் சொல்வார். சுமாராகப் படிப்பவன் நிலத்திலேயே தங்கிவிடுவான். ‘படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்’ என்ற வசவைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால், ஊரில் தங்கியிருப்பதே தோற்றதற்கு அடையாளம் என்று அங்கே தங்கியிருப்பவர்களே நம்பத் தொடங்கிவிடுவார்கள். அப்படி நம்புகிறவர்களிடமிருந்து ஊர்த் தலைவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

பங்குத்தந்தை பியேர்-ஜோசஃப் கிரனெரோ விவசாயி மகன். 1885இல் பிறந்தவர், இந்த முயற்சி தொடங்கியபோது ஐம்பது வயது. அரசுப் பள்ளி குடியானவனை மறந்துவிட்டது, தன் திருச்சபையும் அவனுக்கு ஏற்ற கல்வியைத் தரவில்லை என்பது அவருக்கு நெடுநாள் மனக்குறை. பங்கு மக்களில் ழான் பேரா என்ற விவசாயி அவருக்கு நெருக்கமானவர். பேராவின் மகன் தொடக்கப் பள்ளியை முடித்திருந்தான். மேலே படிக்கவைக்கத் தந்தைக்கு ஆசை. மகனோ வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியூர்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று நின்றான். தந்தையின் ஆசையும் நியாயம்தான், மகனின் மறுப்பும் நியாயம்தான். இரண்டுக்கும் இடம் தரும் பள்ளி எதுவும் அப்போது இல்லை. பங்குத்தந்தையும் பேராவும் இன்னும் சில விவசாயிகளும் உட்கார்ந்து பேசினார்கள். பண்ணையை விட்டு வெகுநாள் பிரியாமல் படிக்க ஒரு வழி, அதாவது மாதத்துக்கு ஒரு வாரம், அந்தப் பேச்சில் பிறந்ததுதான்.

பாடத்துக்குத் தூலூஸ் நகரத்துப் பூர்ப்பான் வேளாண் கல்லூரியின் அஞ்சல்வழிப் பாடங்களை வரவழைத்தார்கள். கிரனெரோவுக்கு வேளாண் படிப்பு இல்லை. எனவே அவர் மேடையில் நின்று போதிக்கவில்லை; பாடத்தைப் பையன்களோடு சேர்ந்து படித்தார். ‘எங்கள் நிலத்தில் இப்படி இல்லையே’ என்று ஒரு பையன் சொன்னால் அதை மறுத்துப் பேசும் அறிவு அவரிடம் இல்லை, கேட்டுக்கொள்ளும் மனம் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்ட அந்த ஆசிரியரின் நிலைதான், பையன்களின் அனுபவத்துக்குப் பாடத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தது என்று நினைக்கிறேன். வேளாண் பட்டதாரி ஒருவர் முதல் நாளிலேயே வந்திருந்தால் இந்த முறை பிறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சட்டத்துக்கு, விவசாயத் தொழில் பழகுநர்களுக்காக 1929இல் வந்திருந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்படி பையன் பள்ளி மாணவனல்லன், தொழில் பழகுபவன். அவன் வேலை பழகும் இடம் அப்பாவின் நிலம்.

லோசன்: கடனும் கையெழுத்தும்

பையன்கள் கூடக்கூடப் பங்குத்தந்தை வீடு போதவில்லை. 1937இல் பக்கத்து ஊரான லோசனில் ஒரு வீட்டை வாங்கினார்கள். வாங்கியது திருச்சபை அல்ல, அரசும் அல்ல. பெற்றோர்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து, அந்த வீட்டையும் அதனால் வந்த பணப் பொறுப்பையும் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த நிகழ்வில் திருப்புமுனை எது என்று கேட்டால் 1935ஐச் சொல்ல மாட்டேன், 1937ஐத்தான் சொல்வேன். ஒரு வாரம் பள்ளி, மூன்று வாரம் வேலை என்ற கால அட்டவணையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைகளும் எடுத்துக்கொண்டன. ஆனால் லோசனில் நடந்தது வேறு. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போகும் தகப்பன், நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து வரவுசெலவு பார்க்கும் தகப்பனாக மாறினார். குழுத் தலைவர் ஒரு பெற்றோர். பள்ளியின் இயக்குநர் அவர்களிடம் சம்பளம் வாங்கும் ஊழியர். பங்குத்தந்தை தொடங்கிவைத்ததுதான் என்றாலும், சட்டப்படி அது திருச்சபையின் பள்ளியாக ஒருநாளும் இருக்கவில்லை. இன்றும் பிரான்சில் ஒவ்வொரு இல்லமும் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனிச் சங்கம். பொதுக்குழுவில் குடும்பங்கள் வாக்களித்துத்தான் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கின்றன.

கைகட்டி நின்று பழகிய மனிதர், பட்டம் பெற்ற இயக்குநரிடம் ‘இந்தச் செலவு எதற்கு?’ என்று கேட்பதைப் பதினான்கு வயதில் பார்க்கும் பையனுக்குக் குடிமைப் பங்கேற்பு என்ற பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. கூட்டம் கூட்டுவது, நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவது, கணக்கை வாசித்து ஒப்புதல் வாங்குவது, தோற்ற தரப்பும் முடிவுக்குக் கட்டுப்படுவது எல்லாம் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்து சேர்ந்துவிட்டன.

ஒரு லிட்டர் பாலிலிருந்து

கற்பிக்கும் முறை முழுவடிவம் பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆந்த்ரே துஃபோர் உள்ளிட்ட பயிற்றுநர்கள் பல ஆண்டுகள் உழைத்து அதைச் செப்பனிட்டார்கள். அதன் உயிர்நாடி ‘ஆய்வுத் திட்டம்’ என்ற ஒரு தாள். இல்லத்தை விட்டு வீட்டுக்குக் கிளம்பும் முன் மாணவர்கள் கூடி, அடுத்த வாரங்களில் எதைக் கவனிப்பது என்று முடிவு செய்து, கேள்விகளைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள்.

எடுத்துக்காட்டாகப் பாலை எடுத்துக்கொள்வோம். எத்தனை மாடு கறவையில் இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? கன்றுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, விற்பனைக்கு எவ்வளவு? யார் வாங்குகிறார்? விலையை யார் சொல்கிறார்? குளிர்காலத்தில் தீவனத்துக்கு என்ன செலவாகிறது? போன வருடம் மாடு நோயில் விழுந்தபோது என்ன செய்தோம்? தாளோடு வீட்டுக்குப் போகும் மாணவன் இவற்றுக்கெல்லாம் விடை வாங்கியாக வேண்டும். விடை புத்தகத்தில் இல்லை, அப்பா அம்மாவிடம் இருக்கிறது. எனவே கேட்டாக வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். குடியானவக் குடும்பத்தில் வரவுசெலவு பேசும் வழக்கம் பிள்ளைகளோடு இல்லை. வேலை சொல்வார்கள், பிள்ளைகள் செய்வார்கள். விலை, கடன், நட்டம் எல்லாம் பெரியவர் நெஞ்சுக்குள். ஒரு பள்ளித் தாளைக் காரணம் காட்டி மகன் அதைக் கேட்கும்போது தகப்பனும் முதன்முறையாக அதைக் கணக்காகச் சொல்லிப் பார்க்கிறார். பல வீடுகளில் லாபமா நட்டமா என்பதே அப்போதுதான் தெரியவரும். மகனுக்கோ தான் இனி வெறும் வேலையாள் இல்லை என்பது தெரியவருகிறது.

திரும்பி வந்ததும் எல்லோரும் விடைகளைப் பொதுவில் வைப்பார்கள். ஒரு வீட்டில் தரகரிடம் விற்கிறார்கள், இன்னொரு வீட்டில் கூட்டுறவுக்கு ஊற்றுகிறார்கள், விலையில் வித்தியாசம். ஏன் என்ற கேள்வி தானாக எழும். பயிற்றுநர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பாடங்களுக்குள் போவார். கணிதத்தில் லிட்டருக்கு அடக்கவிலை, உயிரியலில் பால் ஏன் திரிகிறது என்பது, மொழிப் பாடத்தில் தான் கண்டதைத் தெளிவாக எழுதுவது, குடிமையியலில் கூட்டுறவுச் சங்கம் எப்படி நடக்கிறது, அதில் உறுப்பினருக்கு என்ன உரிமை என்பது. பிறகு எல்லோரும் ஒரு பால் பண்ணைக்கோ சங்கத்துக்கோ நேரில் போய்ப் பார்ப்பார்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு சிறு சோதனை இருக்கும். தீவனத்தில் ஒரு மாற்றம், ஒரு கணக்கேடு, ஏதோ ஒன்று. அப்பா ஒத்துக்கொண்டால்தான் செய்ய முடியும். ஒத்துக்கொள்ள வைப்பதும் பாடத்தில் சேர்ந்ததே.

ஒரு லிட்டர் பாலிலிருந்து தொழில் கணக்கும் பொது வாழ்க்கையும் நாலு பேர் முன் எழுந்து பேசும் துணிச்சலும் ஒருசேர வருகின்றன. மூன்றையும் மூன்று பயிற்சிகளாகப் பிரித்தால் இந்த வலு வராது. கணக்குத் தெரியாதவன் கூட்டத்தில் பேசினால் முழக்கமாகிவிடும். கூட்டத்தில் பேசத் தெரியாதவன் தொழில் தொடங்கினால் விலையைத் தரகர் சொல்வதோடு நின்றுவிடும்.

பயிற்றுநருக்கு இதில் வேலைப்பளு அதிகம். பாடம் எடுப்பது மட்டுமல்ல. இல்லத்தில் மாணவர்களோடு தங்கி, சேர்ந்து உண்டு, மாலை நிகழ்ச்சிகளை நடத்தி, வீடுகளுக்கும் போய்வர வேண்டும். இல்லத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு தொடர்பேடு போய்வரும். இரு பக்கமும் அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சமையலறை, துப்புரவு, தோட்டம் ஆகிய வேலைகளை மாணவர்கள் முறைவைத்துச் செய்வார்கள்.

பரவியது

போர்க்காலத்திலேயே இயக்கம் வேகமாகப் பரவியது. 1940இல் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் வெத்ராஸ்-மொந்தூவில் ஓர் இல்லம், அதே ஆண்டு லோசனில் பெண்களுக்கு ஓர் இல்லம். 1940களின் தொடக்கத்திலேயே தேசிய அளவிலான கூட்டமைப்பும் வந்துவிட்டது. வேளாண் கல்வி பற்றிய 1984 டிசம்பர் சட்டம் இந்த முறைக்கும் அரசு நிதிக்கும் உறுதியான இடம் தந்தது. இதற்கிடையே 1960களில் இயக்கம் ஆப்பிரிக்காவுக்குப் போனது. 1975இல் செனெகலின் டாக்கரில் பன்னாட்டுச் சங்கம் பிறந்தது.

பிரேசில்: தானே எழுதிய திட்டம்

இந்த முறை ஓர் ஏழை நாட்டில் என்ன ஆனது என்பதற்கு பிரேசிலின் எஸ்பிரித்து சாந்து மாநிலம் நல்ல சான்று. 1960களில் பிரேசில் அரசு காப்பி உற்பத்தியைக் குறைக்கத் தோட்டங்களை அழிக்கச் சொன்னபோது, இந்த மாநிலத்துச் சிறு விவசாயிகளின் பிழைப்பு ஆட்டங்கண்டது. அவர்களில் பலர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். இத்தாலிய இயேசு சபைத் துறவி உம்பெர்ட்டோ பியத்ரோக்ராண்டே, தன் நாட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த இத்தகைய பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டு 1968இல் மெப்பெஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டே அன்ஷியெட்டா வட்டாரத்து ஒலிவானியாவில் வேளாண் குடும்பப் பள்ளி திறக்கப்பட்டது. ராணுவ ஆட்சி நடந்த காலம் அது. நான்கு பேர் கூடிப் பேசுவதே சந்தேகத்துக்கு உள்ளாகும் நாட்டில், பெற்றோர் சங்கம் என்பது விவசாயிகள் கூடிப் பேச வாய்த்த இடமாகவும் இருந்தது.

பிரேசிலில் இந்த முறையோடு சேர்ந்த முக்கியமான ஒன்று ‘இளைஞரின் தொழில் திட்டம்’. படிப்பின் பிற்பகுதியில் ஒவ்வொரு மாணவரும் தன் குடும்ப நிலத்திலோ ஊரிலோ செய்யப்போகும் ஒரு தொழிலுக்குத் திட்டம் எழுத வேண்டும். ஆண்டுக்கணக்காகச் சேர்த்த ஆய்வுத் தாள்களே அதற்கு மூலப்பொருள். மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு, சந்தை எங்கே, வீட்டில் எத்தனை கை வேலைக்கு உண்டு, முதல் எங்கிருந்து வரும் என்று எழுதி, குடும்பத்தின் முன்னும் பள்ளியின் முன்னும் வைத்து வாதாட வேண்டும்.

வாதாடி முடித்ததும் அது அலமாரியில் உறங்கினால் பயனில்லை. பிரேசிலின் குடும்ப விவசாயக் கடன் திட்டமான ப்ரோனாஃபில் 16 முதல் 29 வயது வரையுள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அந்தக் கடனுக்குத் தகுதி தரும் படிப்புகளில் இந்தப் பள்ளிகளின் கல்வியும் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. கடைசி ஆண்டில் படித்துக்கொண்டிருப்பவரே விண்ணப்பிக்கலாம். பள்ளித் திட்டத்துக்கும் வங்கி மேசைக்கும் நடுவே ஒரு பாலம் போட்டாயிற்று. தொழில்முனைவுப் பயிற்சிகளில் பெரும்பாலும் அறுந்துபோகும் கண்ணி இதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பயிற்சி ஒரு துறை, கடன் இன்னொரு துறை, இளைஞர் நடுவில் அலைவார்.

பொது நிதிக்காகவும் இவர்கள் நெடுங்காலம் போராடினார்கள். பள்ளி சங்கத்துடையது என்பதால் அரசுப் பள்ளிக் கணக்கில் சேராமல் நின்றது. 2012இல் வந்த 12,695ஆம் எண் சட்டம், இப்படி மாறிமாறிப் படிக்கும் கிராமப்புறச் சமூகப் பள்ளிகளின் மாணவர்களையும் பொதுக் கல்வி நிதிப் பங்கீட்டில் சேர்க்க வழி செய்தது. பள்ளிச் சங்கங்கள் கூட்டமைப்புகளாக இணைந்து இந்தக் கோரிக்கையைத் தூக்கிச் சுமந்தன. பெற்றோர் சங்கத்தில் பழகிய பழக்கம் நாடாளுமன்றத்து வாசல் வரை போனது.

குறைகள்

இதில் குறைகளும் உண்டு. முதல் கேள்வி: குடியானவன் பிள்ளையைக் குடியானவனாகவே வைத்திருக்கும் ஏற்பாடா இது? சரியான கேள்விதான், குறிப்பாகச் சாதியை அறிந்த நாம் கேட்டே ஆக வேண்டியது. பிரான்சில் இதற்கு நடைமுறையில் ஒரு பதில் வந்திருக்கிறது. இன்று அங்கே விவசாயம் தவிர வணிகம், முதியோர் குழந்தைகள் பராமரிப்பு, சுற்றுலா என்று பல துறைகள் இந்த இல்லங்களில் இருக்கின்றன. உயர்நிலைக்குப் பிந்தைய பட்டயங்களுக்கும் வழி உண்டு. மேலே போகும் கதவு திறந்திருக்கும்வரைதான் ‘ஊரிலேயே படி’ என்பது நியாயமாக இருக்கும்.

இரண்டாவது, அந்த விரிவாலேயே வந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் இப்போது விவசாயக் குடும்பத்தவர் இல்லை. வேலை பழகும் இடம் அப்பாவின் நிலமாக இருந்த காலத்தில் பெற்றோரும் ஆசானும் ஒருவரே. இப்போது வேலை பழகுவது யாரோ ஒருவர் கடையில், பெற்றோர் இருப்பது தொலைவில். சங்கம் பெயரளவுக்கு ஆகிவிடும் ஆபத்து இங்கேதான். அரசுப் பணம் வரவர இயக்குநரின் கை ஓங்கும், பொதுக்குழு கையெழுத்துப் போடும் கூட்டமாகச் சுருங்கும். எந்த நாட்டில் இந்த இல்லங்களைப் பார்க்கப் போனாலும் பாடப் புத்தகத்துக்கு முன்னால் பொதுக்குழுக் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் கடைசியாக ஒரு பெற்றோர் மறுத்துப் பேசியது எப்போது என்று தேட வேண்டும்.

மூன்றாவது பெண்கள். 1940இல் தொடங்கிய பெண்கள் இல்லங்களில் கற்பித்தது பெரும்பாலும் வீட்டு நிர்வாகம். கறப்பதும் பாலாடைக்கட்டி செய்வதும் கோழி வளர்ப்பதும் பெண்களாக இருந்தும், பண்ணையை நடத்தும் கணக்கு ஆண்பிள்ளை பக்கமே போனது. பிறகு ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படிக்கும் காலம் வந்துவிட்டது. ஆனால் பள்ளி மாறிய வேகத்தில் வாரிசு வழக்கம் மாறவில்லை. பிரேசிலில் குடும்ப விவசாய நிலம் இன்னும் பெரும்பாலும் மகனுக்கே போகிறது. கிராமத்தை விட்டு வெளியேறும் இளைஞர்களில் பெண்களே அதிகம். ஒரே வகுப்பில் ஒரே தாளை நிரப்பிய இருவரில், ஒருவர் திட்டம் எழுதும்போது கையில் நிலம் இருக்கிறது. மற்றவர் அண்ணன் விட்டுக்கொடுக்கும் ஒரு மூலையை வைத்து எழுத வேண்டியிருக்கிறது. பெண்ணின் திட்டத்துக்கு நிலத்தின் எந்தப் பகுதி, எத்தனை ஆண்டுக்கு, யார் பெயரில் என்று குடும்பத்தோடு எழுத்தில் பேசி முடிக்காமல் அந்தத் திட்டத்தை ஏற்கக் கூடாது என்று பள்ளிச் சங்கங்களே விதி வைக்கலாம். பெற்றோர்தானே அங்கே நிர்வாகக் குழு; அந்த விதியை நிறைவேற்றும் அதிகாரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.